மிக்கெல் வகுத்த நகராட்சி வரி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் மேயர் பதவி, சட்டம் பயின்றவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஊதியம் பெற்று ஆற்றிய முழுநேர நிர்வாகப் பணியாக இருந்தது. அப்பணியிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து மீண்டும் அப்பணிக்கும் சென்றவர்களுள் முதன்மையானவர் யோகன்னஸ் மிக்கெல் (1828–1901). இளமையில் காரல் மார்க்ஸுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த இவர், கோட்டிங்கனில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பின்னர் தாராளவாத அரசியலுக்கு வந்து, 1865இல் ஓஸ்னாப்ரூக் நகரின் மேயரானார். 1870இல் அப்பதவியைத் துறந்து, பெர்லினின் பெரிய வங்கிகளுள் ஒன்றான டிஸ்கோன்டோ கெசல்ஷாஃப்டின் இயக்குநர்களுள் ஒருவரானார்.

1876இல் மீண்டும் ஓஸ்னாப்ரூக்கின் மேயரான மிக்கெலை, 1880இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தன் தலைமை மேயராக்கியபோது, முந்தைய பெருங்கட்டுமானங்களால் அந்நகரின் கடன் மிகுந்திருந்தது. செலவைக் கட்டுப்படுத்திய அவரே, வருவாய் தரும் பணிகளுக்குத் தயங்காமல் பணம் ஒதுக்கினார்; மைன் ஆறு அணைகளாலும் மடைகளாலும் ஆழப்படுத்தப்பட்டு, 1886இல் மேற்குத் துறைமுகம் திறக்கப்பட்டதால், ரைன் ஆற்றின் பெரிய சரக்குப் படகுகள் நகரம் வரை வந்தன.

1890இல் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் நிதியமைச்சரான பின்னர் அவர் கொண்டுவந்த வரிச்சீர்திருத்தத்தை அந்த நகராட்சி அனுபவத்தின் தொடர்ச்சியாகவே கொள்ள வேண்டும். அதுவரை மதிப்பீட்டுக் குழுவினர் ஒருவருடைய வருமானத்தை வெளித்தோற்றத்தைக் கொண்டே பெரும்பாலும் கணித்து வந்தனர்; 1891ஆம் ஆண்டுச் சட்டமோ, 3,000 மார்க்குக்கு மேல் ஈட்டுவோர் தம் வருமானத்தைத் தாமே எழுதித் தர வேண்டும் என்றும், 900 மார்க் வரை வரியில்லை என்றும், 1,00,000 மார்க்கைத் தாண்டினால் நூற்றுக்கு நான்கு என்றும் விதித்தது. 1893ஆம் ஆண்டு உள்ளாட்சி வரிச்சட்டம் அதைவிட நீடித்த விளைவுடையது. நிலம், கட்டடம், தொழில் ஆகியவற்றின் மீதான வரிகளை அரசு கைவிட்டு, 1895 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகளுக்கே ஒப்படைத்தது. சாலையும் துறைமுகமும் அமைப்பதால் யாருடைய சொத்தின் மதிப்பு உயர்கிறதோ, அவரே அந்த ஊருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இச்சட்டத்தில் ஒரு பெருங்குறையும் உண்டு. பிரஷ்யாவின் கிழக்கில் பெருநிலக்கிழார்களின் பண்ணைகள் எந்த உள்ளாட்சியிலும் சேராத தனி வட்டாரங்களாக இருந்தமையால், அரசு விட்டுக்கொடுத்த நிலவரி அங்கே வேறு எவருக்கும் போய்ச் சேரவில்லை; அது அந்நிலக்கிழார்களுக்கு நேரடிச் சலுகையாக முடிந்தது. நகரங்களுக்கு நீதி செய்த மிக்கெல், நாட்டுப்புறத்தில் செல்வர்களின் பக்கம் சாய்ந்தார் என்றே கூற வேண்டும். ஆயினும் நிலவரியும் தொழில் வரியும் இன்றும் ஜெர்மானிய உள்ளாட்சிகளே விகிதம் நிர்ணயிக்கும் வரிகளாக நீடிக்கின்றன.