பழவேற்காட்டில் பாடங்கேட்ட பாதிரியார்

நம் சங்கத்து அன்பர் சிலர், பழவேற்காட்டின் பழைய வரலாற்றைக் குறித்து இவ்வெளியீட்டில் ஒரு கட்டுரை வரையுமாறு நெடுநாளாக எம்மை வேண்டி வந்தனர். கோட்டையைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆதலின் அவற்றைச் சுருங்கக் கூறி, அக்கோட்டைக்குள் பத்தாண்டு வாழ்ந்த அயல்நாட்டுப் போதகர் ஒருவர் இந்நாட்டு வாழ்விற்குத் தம்மை எவ்வாறு இணக்கிக்கொண்டார் என்பதையும், அவர் கற்ற கல்வியில் நம் குலத்தார்க்கு இடமிருந்ததா என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாமும் ஓர் ஆசிரியராதலின் இப்பொருள் எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது.

பழவேற்காட்டு ஏரி, இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பரப்புடையது. சுவர்ணமுகி, காளங்கி, ஆரணி என்னும் ஆறுகள் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் அதன்கண் கலக்கின்றன. அக்கலப்பே இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் தாய்மடி. நம் முன்னோர்க்கும் அதுவே விளைநிலம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு வந்து தங்கினர். குப்பத்து மகிமை மாதா கோயில் 1515-ம் ஆண்டில் தோன்றியதென வழிவழியாகக் கூறுவர். 1610-ல் வேங்கடபதி ராயரிடம் இசைவு பெற்று ஒல்லாந்தர் வந்தனர். 1612-ல் போர்த்துக்கீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழிக்கவே, மறு ஆண்டில் வெம்மர் வான் பெர்க்கம் என்னும் தலைவர் கோட்டை எடுத்து, தம் தாய்நாட்டுப் பகுதியின் பெயரால் அதனைக் கெல்திரியா என வழங்கினார். 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்க்குத் தலைமையிடமாக விளங்கியது அதுவே.

இக்கோட்டைக்கு 1632-ம் ஆண்டளவில் வந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் பாதிரியார். லெய்டன் நகரிலே கீழ்த்திசை செல்லும் போதகர்க்கென வலேயுஸ் என்னும் பேராசிரியர் நடத்திய கல்விச்சாலையிற் பயின்றவர்.

அக்காலத்து அயலார் இக்கரையில் இறங்கிய முறையை நினைமின்! பெருங்கப்பல் கரையை அணுக இயலாது. தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஐரோப்பியர் கொணர்ந்த தோணிகளோ, ஆணியால் அறையப்பட்டவையாதலின், அலையெறிந்து மணலில் மோதிய அளவிலே பிளந்துபோம். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளையுடைய மசூலாப் படகே அலையோடு வளைந்துகொடுத்துக் கரை சேரும். அதனைச் செலுத்த வல்லார் கரையோரத்துக் கடலோடிகளே. படகு கவிழ்ந்தால் எடுத்து உய்விக்கக் கட்டுமரக்காரர் அருகிலே தொடர்வதும் வழக்கம். சோழமண்டலக் கரையில் கால் வைத்த வெள்ளையர், ஆளுநராயினும் பாதிரியாராயினும், முதன்முதல் தம் உயிரை ஒப்படைத்தது நம் போன்றார் கையிலேயாம். இதனைப் பெருமைக்காகக் கூறுகின்றோமல்லேம். வரலாற்று நூல்களில் இவ்வரி பெரும்பாலும் விடுபட்டுப் போவதனாற் கூறுகின்றோம்.

கரை சேர்ந்தபின் காத்திருந்த வாழ்வு எளிதன்று. உவர்நிலம், குடிநீருக்கு மணலில் தோண்டும் ஊற்றே கதி. சித்திரை வைகாசியில் வெப்பமும் ஐப்பசி கார்த்திகையில் புயலும் வாட்டும். தாய்நாட்டிற்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வர ஓராண்டிற்கு மேலாகும். கப்பல் தவறினால் இரண்டாண்டும் ஆகும். இன்றும் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இடுகாடு நின்று நிலவுகின்றது. வாயிலின் இருமருங்கும் எலும்புருவம் செதுக்கிய தூண்கள். உள்ளே பெரிய கற்பலகைகளில் ஒல்லாந்த மொழியெழுத்துகள். கப்பலேறி வந்து திரும்பாதார் எத்துணையர் என்பதை அக்கற்களே உரைக்கும். தொல்பொருள் துறையார் காவலில் அவ்விடம் இருப்பது நன்று. கோட்டையோ புதர் மண்டிக் கிடக்கின்றது.

இனி, மொழிக்கு வருவோம். அக்காலத்தில் கடற்கரை வாணிகத்தார்க்கும் ஐரோப்பியர்க்கும் பொதுமொழியாக வழங்கியது போர்த்துக்கீசியம். பகைவர் மொழியாயினும் ஒல்லாந்தர்க்கும் அதனை விட்டால் வழியில்லை. ரொகேரியுஸ் இந்நாட்டாரை அறிந்ததும் அதன் வாயிலாகவே. ஒல்லாந்தரை அடுத்து வாழ்ந்த பத்மநாபன் என்னும் அந்தணர் ஒருவரோடு அவர் போர்த்துக்கீசியத்திற் பேசினார். வினாவினார், விடை கேட்டார், எழுதிக்கொண்டார். போதிக்க வந்தவர் பாடங் கேட்கும் மாணாக்கராய் அமர்ந்தார். அந்தணர்தம் பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள சடங்குகள், நோன்புகள், திருவிழாக்கள், கோயில்கள், தெய்வங்கள் பற்றிய செய்திகள் இவ்வாறு திரண்டன. பர்த்ருஹரியின் மூன்று நூறுகளுள் நீதியும் துறவும் பற்றிய இரண்டு நூறுகளைப் பத்மநாபன் விளக்க, பாதிரியார் ஒல்லாந்த மொழியில் வடித்தார். காமத்துப் பகுதி மட்டும் அதிற் சேரவில்லை.

1642 வரை இங்கிருந்த பாதிரியார் பின்னர்ப் பட்டேவியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பி, 1649-ல் கௌடா நகரில் இறந்தார். அவர் நூல் 1651-ல் லெய்டனில் வெளிவந்தது. ‘மறைந்துகிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு’ என்பது அதன் பெயர்ப் பொருள். 1663-ல் செருமானியத்திலும் 1670-ல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. வடமொழிச் செய்யுள் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது இந்நூலிலேதான் முதன்முறை. நம் ஏரிக்கரையில் நிகழ்ந்த உரையாடல் ஐரோப்பியக் கற்றோர் கையில் நூலாய்த் தவழ்ந்தது வியக்கத்தக்கதன்றோ!

தம் சமயத்தினின்று வேறுபட்டதொன்றைப் பத்தாண்டு பொறுமையோடு கேட்டெழுதிய அப்பாதிரியாரை யாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒரு குறையைக் கூறாது விடல் தகாது. அந்நூலின் முகப்பே, சோழமண்டலக் கரையிலுள்ள பிராமணரின் வாழ்வும் வழிபாடும் என்றுதான் கூறுகின்றது. கதவு திறந்தது உண்மை. திறந்தது ஒரு வீட்டின் கதவு. ஏரியில் வலை வீசினோர் வீட்டுக் கதவு அவர் பார்வைக்கு எதிரேயிருந்தும் தட்டப்படவில்லை. பத்மநாபன் தாம் அறிந்ததைக் கூறினார். அதனில் பிழை யாது? கேட்டவர் ஒருவரிடமே கேட்டார் என்பதே நம் குறை.

மற்றொன்றும் உண்டு. ஞாயிறுதோறும் வேதம் ஓதப்பெற்ற அக்கோட்டைத் துறையினின்றே, 1620-களிலிருந்து, இந்நாட்டு ஏழை மக்கள் அடிமைகளாய் விலைகொள்ளப்பட்டுப் பட்டேவியாவிற்கு ஏற்றப்பட்டனர். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அவ்வாணிகம் பெருகிற்று. பெற்றோரே பிள்ளைகளை விற்ற கொடுமையும் நிகழ்ந்தது. பாதிரியார் பட்டேவியாவிற்குச் சென்ற கடல்வழியும் அதுவே.

ரொகேரியுஸை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று என்பதை உணர்த்திய எம் சொந்த நிகழ்ச்சியொன்றை ஈண்டு உரைக்க வேண்டும். யாம் பிறப்பால் இக்குலத்தினரேயாயினும், எம் பாட்டனார் காலத்திலேயே குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தமையால் கரையறியாது வளர்ந்து, இலக்கணமும் இலக்கியமும் கற்றுப் பண்டிதராயினோம். ஏரிக்கரைப் பள்ளியொன்றில் ஆசிரியராய் வந்த முதலாண்டில், ஒரு சிறுவன் தன் ஏட்டில், “நாளை எங்கள் அப்பாவுக்குப் பாடு, ஆகையால் வீட்டில் எல்லாரும் மகிழ்ச்சி” என்று எழுதியிருந்தான். பாடு என்பது துன்பமன்றோ? துன்பத்தில் மகிழ்ச்சி ஏது? யாம் செம்மையால் அவ்வரியை அடித்து, ‘பொருள் முரண்’ எனக் குறித்தோம். சிறுவன் ஏட்டை வாங்கிப் பார்த்து நெடுநேரம் நின்றான். பின், “ஐயா, பாடு என்றால் எங்கள் முறைங்க” என்றான். யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அவன் கூறியதே உண்மை. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. அவ்விடங்களில் வலை நாட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்னும் மூன்று குப்பத்தாரும் தம்முள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். ஊருக்கு ஒரு நாள் வரும். ஊருக்குள் யார்க்கு எவ்விடம் என்பது சீட்டுக் குலுக்கித் தீரும். வலியான் நல்லிடத்தை என்றும் கொள்ளவும், எளியான் என்றும் ஒதுங்கி நிற்கவும் அம்முறை இடங்கொடாது. அரசன் ஆணையின்றி, காவலர் தடியின்றி, சமயம் வேறுபட்ட குப்பத்தாரும் ஒரு நீரிற் கூடி உண்ணுதற்கு வகுத்த சட்டம் அது. அதற்குப் பெயர் பாடு. கல்லூரியில் பாடு என்னும் சொல்லுக்குப் பல பொருள் படித்தோம். வீட்டில் விளக்கேற்றி மகிழத்தக்க பொருள் ஒன்று உண்டென்பதை அச்சிறுவனிடமே பின்னர்க் கற்றோம். மறுநாள் வகுப்பில் எம் செம்மைக் கோட்டை யாமே அடித்தோம்.

ஒல்லாந்தப் பாதிரியார்க்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்குப் பின், தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர் வேறு வழியைக் கைக்கொண்டார். 1706-ம் ஆண்டு சூலை 9-ம் நாள் கரையேறிய அவர், முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பள்ளியோடு தம் இல்லத்திற்கே அழைத்து, சிறுவரோடு சிறுவராய்த் தரையிலமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார். ஈராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் திரட்டிப் பட்டியலும் வரைந்தார். தென்னாட்டுத் தெய்வங்களைக் குறித்து அவர் 1713-ல் எழுதிய நூலை அனுப்பியபோது, செருமனியிலிருந்த அவர்தம் மேலோர் அச்சிட மறுத்தனர். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதோ என்பது அவர் கருத்து. அந்நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். இருவகை அந்நியத்திற்கிடையே நின்றவர் துன்பம் இத்தகையது. இங்கு வந்தபோது இந்நாட்டார்க்கு அந்நியர். இந்நாட்டை அறிந்தபின் தம் நாட்டார்க்கும் அந்நியர்.

அவ்வழியில் வந்தவரே பப்ரிசியுஸ் ஐயர். பழவேற்காட்டோடு அவர்க்குள்ள தொடர்பை நம்மவர் பலர் அறியார். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு அவர்க்குப் புகலிடமாயது ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பழவேற்காடே. 1749-ல் சென்னை ஆங்கிலேயர்க்கு மீண்டபின்னரே அவர் திரும்பினார். 1758-ம் ஆண்டு இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, உடைமை கொள்ளைபோக, மறுமுறையும் இங்கேயே ஓடிவந்தார். அச்சகமும் ஆலயமும் அரசின் ஆதரவும் உடையார் வாழ்வு ஒன்று. கையில் ஒன்றுமின்றிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அயலூர் புகுவார் வாழ்வு மற்றொன்று. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, தாயகம் திரும்பவுமில்லை. ஐம்பதாண்டு தமிழ் நாட்டிலேயே கழித்து 1791-ல் இறந்தார். 1772-ல் அச்சேறிய அவர்தம் புதிய ஏற்பாட்டினும், 1779-ல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியினும் காணும் தமிழ், போர்த்துக்கீசியத்தின் வழி வந்ததன்று. தமிழர் வாயினின்று நேரே கேட்டது.

எம் பள்ளி நிகழ்ச்சிக்குப் பின் யாமும் ஓர் ஏடு வைத்துக்கொண்டு, ஏரியின் சொற்களை எழுதலானோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் பெயர்கள், வலைகளின் பெயர்கள், பாட்டிடங்களின் பெயர்கள். இளைஞர் பலர் கல்வி கற்று நகரிற் பணிபுரிகின்றனர், அது மகிழத்தக்கதே. ஆனால் பாட்டிடங்களின் பெயரை முழுதும் கூறவல்லார் இன்று முதியோரே. இச்சங்கத்து அன்பர்தம் இல்லங்களில் அத்தகைய முதியோர் இருப்பின், அவர் கூறுவதைக் கூறியவாறே, திருத்தாது எழுதி எமக்கு விடுக்குமாறு வேண்டுகின்றோம்.

திருத்தாது என்பதை அழுத்திக் கூறக் காரணமுண்டு. சென்ற மாதம் எம் ஏட்டை அச்சிறுவனின் தாத்தாவிடம் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தின் பெயரை யாம் இலக்கண வழுவின்றி மாற்றிப் படித்ததும் கண் விழித்தார்.

“வாத்தியாரையா, அந்தப் பேரில் ஏரியில் இடமே கிடையாதுங்களே” என்றார். அப்பெயரை அவர் மும்முறை கூற, மும்முறையும் எழுதினோம்.