குழாய் வளைந்த கதை

அமெரிக்க நாவல்களில் பனிக்கால இரவு வந்துவிட்டால், சுவரோரத்துக் குழாய் 'டங், டங்' என்று அடித்துக்கொள்ளாமல் இராது. கதாநாயகன் உறக்கமின்றிப் புரளுவான், வாடகை பாக்கி நினைவுக்கு வரும், குழாய் அடிக்கும். நம் கதைகளில் சுவர்க்கோழிக்கு உள்ள உத்தியோகம் அங்கே நீராவிக் குழாய்க்கு. அந்தச் சத்தத்துக்குக் காரணம் தேடப் போனபோதுதான் இந்தச் சரித்திரம் என் கையில் அகப்பட்டது.

நமக்குப் பாய்லர் என்றால் குளியலறையில் நிற்கும் செம்புப் பாய்லர். அதை விட்டால் நெல் அவிக்கும் மில்லில் உள்ளது. நியூயார்க், பாஸ்டன் முதலிய குளிர் ஊர்களின் பழைய வீடுகளில் இருப்பது வேறு ஜாதி. நிலவறையில் வார்ப்பிரும்புக் கொதிகலன் ஒன்று. அதில் பிறக்கும் நீராவி மாடி மாடியாக ஏறி, ஒவ்வோர் அறையிலும் ரேடியேட்டர் என்ற இரும்புக் கூட்டுக்குள் புகுந்து, தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் பம்பு எதுவுமின்றித் தன் பாரத்தினாலேயே இறங்கிக் கொதிகலனுக்குத் திரும்பும். பல வீடுகளில் ரேடியேட்டருக்கு ஏறவும் இறங்கவும் ஒரே குழாய்தான். ஒற்றை வண்டிப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன ஆகும்? குழாயின் சரிவு போதாவிட்டாலும், ரேடியேட்டர் வால்வைப் பாதி மூடி வைத்தாலும் தண்ணீர் வழியில் தேங்கும். பின்னால் வரும் நீராவி அதை அள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும். அதுதான் 'டங்'. ஆகவே ஒற்றைக் குழாய் வீட்டில் அந்த வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும், அரைகுறை கூடாது.

சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதோடு சரி. சத்தமில்லாத அபாயம் ஒன்று நிலவறையில் காத்திருந்தது.

வீட்டுக் கொதிகலனில் நீராவியின் அழுத்தம் அற்பம்; சதுர அங்குலத்துக்கு ஒன்றிரண்டு ராத்தல் போதும். ஆனால் அந்த ஒரு ராத்தல், தண்ணீரைச் சுமார் 28 அங்குலம் தூக்கி நிறுத்திவிடும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, கொதிகலனில் உள்ள தண்ணீரையே அது திரும்புகுழாய் வழியாக வெளியே தள்ளப் பார்க்கும். இதைத் தடுக்க அந்தக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தினார்கள். உள்ளே தொங்கும் ஒரு சிறு கதவு; வரும் தண்ணீருக்குத் திறக்கும், போகும் தண்ணீருக்கு மூடும். காகிதத்தில் மிக அழகான ஏற்பாடு! குழாய்க்குள்ளோ துருவும் வண்டலும். கடுகளவு துரு இடுக்கில் சிக்கினால் கதவு மூடாது. அப்படிப்பட்ட சமயத்தில், தரையை ஒட்டிக் கிடக்கும் குழாய் அரித்து ஓட்டையும் விழுந்திருந்தால் கொதிகலன் காலி.

நிலக்கரி நெருப்பு, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு எரிவதில்லை. வீட்டார் மாடியில் உறங்க, கீழே வெற்று இரும்பு சிவக்கும். விடியற்காலையில் கரி அள்ளிப் போட வருகிறவர், மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைக் காணாமல் பதறி, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டாரோ, அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். இரும்பு அந்த இடத்தை எங்கிருந்து கொடுக்கும்?

பாதுகாப்பு வால்வு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இருந்தபோது எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து, அது வெடிக்காதிருக்கக் கனம் தொங்கும் நெம்புகோல் வால்வு ஒன்றையும் பொருத்தினார். 1681-ல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். மறு வருஷம் ராயல் சொசைட்டி அங்கத்தினர்கள் அதில் வெந்த இறைச்சியையும் மீனையும் உண்டு மகிழ்ந்தார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் மேல் ஆடுகிற குண்டு, அந்த வால்வின் வம்சம். ஆனால் அது மிஞ்சிய அழுத்தத்துக்குக் காவல். குறைந்த தண்ணீருக்கு அல்ல. கள்ளன் வாசல் வழியாக வரும்வரையில்தான் வாசல்காரனால் பயன்.

கொல்லைப்புறத்துக்குக் காவல் போட்டது யார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1865 ஏப்ரல் 27-ம் தேதி, மெம்பிஸ் நகருக்கு அருகே மிஸிஸிப்பி நதியில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பல் வெடித்தது. 376 பேருக்கான கப்பலில் 2,000-க்கு மேல் ஏற்றியிருந்தார்கள். பெரும்பாலோர் சிறையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பிய சிப்பாய்கள். கசிந்த கொதிகலனுக்கு அவசரமாக ஒட்டுப் போட்டுக் கிளம்பியிருந்தார்கள். இறந்தவர்கள் குறைந்த கணக்கில் 1,100-க்கு மேல். கூடிய கணக்கில் 1,800. லிங்கன் கொலையுண்டு இரு வாரமே ஆகியிருந்ததால் பத்திரிகைகளில் அவர்களுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து, இனி உயிருக்கு ஆபத்தில்லை என்று நம்பிப் புறப்பட்டவர்களின் கதி!

அடுத்த வருஷம், 1866-ல், கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில், கொதிகலன்களைப் பரிசோதிக்கவும் இன்ஷ்யூர் செய்யவும் ஒரு கம்பெனி எழுந்தது. வெடித்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே வெடிப்பதற்கு முன்பே வந்து தட்டிப் பார்த்தார்கள். இதில் தர்மசிந்தை எவ்வளவு, லாபநஷ்டக் கணக்கு எவ்வளவு என்று நான் ஆராயப் போவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு நாயகனாக ஒரு மனிதன் கிடைத்தால் சந்தோஷம். இங்கே ஒரு கம்பெனியைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

1919-ல் அந்தக் கம்பெனி வீட்டுக் கொதிகலனுக்குச் சொன்ன யோசனை, ஒரு குழாயை வளைத்து வைப்பது. மேலே நீராவி வெளியேறும் குழாயிலிருந்து ஒரு குழாயை இறக்கிக் கொதிகலனின் அடிவாயில் சேர். அப்போது மேலும் கீழும் ஒரே அழுத்தமாகி, தண்ணீரை வெளியே தள்ளும் வேகம் செத்துப்போகும். பிறகு, திரும்புகுழாயை நேராக அடியில் இணைக்காமல் மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் கீழே, அந்த இறங்குகுழாயில் சேர். இவ்வளவுதான். திரும்புகுழாய் உடைந்தால் தண்ணீர் அந்த இணைப்பு மட்டம் வரை வெளியேறும். உடனே அங்கே நீராவி புகுந்து, இழுப்பை அறுத்துவிடும். மிச்சத் தண்ணீர் கொதிகலனிலேயே நிற்கும். அது ஆவியாகித் தீருவதற்குள் யாராவது இறங்கி வந்து பார்த்துவிடலாம்.

இதில் அசைகிற உறுப்பு ஒன்றும் இல்லை. துரு சிக்க ஒரு கதவில்லை. ஆனால் மிஸ்திரியின் கை சரியாக இருக்க வேண்டும். இணைக்கும் துண்டுக் குழாய் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக விட்டாலும், இணைப்பை மட்டத்துக்கு மிக அருகில் உயர்த்தினாலும், நிலவறையிலிருந்தே 'டங்' கேட்கும்.

பின்னாளில் தண்ணீர் குறைந்தால் தானே நெருப்பை நிறுத்தும் கருவி வந்தது. நிலக்கரி போய் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. ஆயினும், தண்ணீர் தன் பாரத்தால் திரும்புகிற வீடுகளில் புதுக் கொதிகலன் வைக்கும்போது, ஹார்ட்போர்டு வளையம் என்று பெயர் பெற்ற அந்த வளைந்த குழாயை இன்றும் பொருத்துகிறார்கள்.