ஒரு வினைச்சொல்லும் ஒரு வேண்டுதலும்

மொழி இலக்கணங்களைப் படிப்பது எனது நெடுநாளைய பழக்கம். அண்மையில் ஸ்பானிய இலக்கண நூலொன்றைப் படித்தபோது 'தோர்மீர்' என்ற வினையில் நின்றுவிட்டேன். உறங்குதல் என்பது அதன் பொருள். விருப்பத்தையும் ஐயத்தையும் உணர்த்தும் வினைவடிவம் ஒன்று அம்மொழியில் உண்டு. நமது வியங்கோளுக்கு ஓரளவு நெருங்கியது. அதில் 'அவன் உறங்கட்டும்' என்பது 'துவெர்மா'. 'நாம் உறங்குவோமாக' என்பது 'துர்மாமோஸ்'. ஒரே வினையடி மூன்று உருவம் கொள்கின்றது.

பயில்வோருக்கு இது தலைவேதனை. ஆனால் காரணமின்றி வந்ததன்று. ஸ்பானியத்தின் தாய்மொழி இலத்தீன். அதன் குறில் ஒகரம், அழுத்தம் பெற்ற இடத்தில் காஸ்தீலிய மக்களின் வாயில் 'உவெ' எனப் பிளந்தது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்த இடத்தில் பிளக்கவில்லை. 'நாம்' வடிவத்தின் இலத்தீன் மூலம் 'தோர்மியாமுஸ்'. அதிலிருந்த இகர ஒலி, முன்னிருந்த ஒகரத்தை உகரமாக உயர்த்திவிட்டுத் தான் மறைந்துபோனது.

இது எந்த அரசனும் ஆணையிட்டு நிகழ்ந்த மாற்றமல்ல. அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492இல் காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் எழுதி, இசபெல்லா அரசிக்குக் காணிக்கையாக்கினார். மொழி எக்காலத்தும் பேரரசின் துணை என்பது அவரது முன்னுரையின் கருத்து. ஆனால் அவர் எழுதுமுன்பே மக்கள் ஒலிகளை மாற்றிப் பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

அதே 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. 711இல் ஐபீரியத் தீபகற்பத்தில் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி அத்துடன் முடிந்தது. 1567இல் கிரனாடாவில் அரபு மொழியைத் தடைசெய்யும் ஆணை பிரகடனமாயிற்று. 1609 முதல், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர்.

ஆயினும், ஸ்பானியர் ஒன்றை மனமார விரும்பும்போது இன்றும் 'ஒஹலா' என்று தொடங்குகின்றனர். 'இறைவன் நாடினால்' எனும் பொருளுடைய அரபுத் தொடரின் வழிவந்த சொல் அது. அதையடுத்து வரும் வினை, மேற்சொன்ன விருப்ப வடிவில்தான் நிற்க வேண்டும். காய்ச்சலில் புரளும் பிள்ளையின் அருகிலிருந்து 'ஒஹலா துவெர்மா' என்று, அவன் உறங்கிவிட வேண்டுமே என ஏங்கும் தாயின் வாயில் அரபு வேண்டுதலும் இலத்தீன் வினையும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

அந்த மொழியைப் பேசியவர்களை அரசால் கப்பலேற்ற முடிந்தது. அவர்களுடைய வேண்டுதல், துரத்தியவர்களின் நாவிலேயே தங்கிவிட்டது.