தீவனத்தில் கலந்த ஆன்டிபயாடிக்: எழுபது வருட இழுபறி

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றிய பேச்சு இப்போது செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடுகிறது. சளி, காய்ச்சல் என்றால் உடனே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படும். அது உண்மைதான். ஆனால் அதே மருந்துகள் டன் டன்னாகப் போய்ச் சேர்ந்த இன்னொரு இடமும் உண்டு. அது கோழி, பன்றி, கன்றுக்குட்டிகளின் தீவனத் தொட்டி. அதுவும் நோய் வந்த விலங்குக்கு வைத்தியம் பார்க்க அல்ல, நன்றாக இருக்கும் விலங்கு சீக்கிரம் எடை போடுவதற்காக!

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது, ஆபத்து என்று ஆராய்ச்சியாளர்கள் எப்போது சொன்னார்கள், அரசாங்கங்கள் எப்போது கேட்டன என்று வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்று ஓர் ஊர். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்துக்குச் சொந்தமான லெடர்லே ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அங்கு வேலை பார்த்த பெஞ்சமின் டகர் என்ற தாவரவியல் அறிஞர், மற்றவர்கள் ஓய்வில் இருக்கும் எழுபது வயதுக்கு மேல், மிசூரி மாநிலத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அதே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் வேறொரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். கோழிக்குஞ்சுக்கு சோயா போன்ற தாவரப் புரதத்தை மட்டும் கொடுத்தால் சரியாக வளர்வதில்லை. கொஞ்சம் மீன்தூளோ ஈரலோ சேர்த்தால் வளர்கிறது. (நாமக்கல் பக்கம் தீவனத்தில் கருவாட்டுத்தூள் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.) மீன்தூளோ விலை அதிகம். அதில் இருக்கும் மர்மப் பொருள் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மலிவாகத் தயாரிக்கலாமே! அந்தப் பொருள்தான் வைட்டமின் பி12. அதுவும் 1948ல்தான் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பி12ஐ உருவாக்குபவை நுண்ணுயிர்கள். எனவே ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சும் நொதித்த கழிவிலும் அது இருக்கக்கூடும் என்று எண்ணி, அந்தக் கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

1948 கிறிஸ்துமஸ் அன்று, மற்ற ஊழியர்கள் விடுமுறையில் இருக்க, ஜூக்ஸ் தானே குஞ்சுகளை எடை போட்டார். கழிவைத் தின்ற குஞ்சுகள் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்தன. பி12 மட்டும் இவ்வளவு வேலை செய்யாது. கழிவில் ஒட்டியிருந்த சிறிதளவு ஆரியோமைசின்தான் காரணம் என்று பிறகு தெளிவாயிற்று.

1950 ஏப்ரலில் இது அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கச் செய்தி ஆனது. குறைந்த தீவனத்தில் அதிக இறைச்சி என்றால், போர் முடிந்து ஐந்தே வருடம் ஆன உலகத்துக்கு எப்படி இனித்திருக்கும்! 1951ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதித்தது. பிரிட்டன் 1953ல் சட்டம் போட்டு, பன்றிக்கும் கோழிக்கும் அனுமதி கொடுத்தது.

மருந்து எப்படி எடையைக் கூட்டுகிறது என்பதற்கு அன்று சரியான பதில் இல்லை. இன்றும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே விளக்கம் கிடையாது. குடலில் உள்ள கிருமிக் கூட்டத்தை அது மாற்றுகிறது என்பது வரை தெரியும். ஒன்று மட்டும் பலமுறை கவனிக்கப்பட்டது: நெரிசலும் அழுக்கும் உள்ள கொட்டகையில்தான் பலன் அதிகம், சுத்தமான கொட்டகையில் பலன் குறைவு. அதாவது மருந்து பாதி வேலையைத் துடைப்பத்துக்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தது.

ஆபத்தைப் பற்றிய முதல் தகவல் எப்போது வந்தது? அமெரிக்கா அனுமதி கொடுத்த அதே 1951ல்! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டார், ரெனால்ட்ஸ் என்ற இருவர் வான்கோழிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தீவனம் கொடுத்தார்கள். அவற்றின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டதை எழுதி வெளியிட்டார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. எதிர்ப்புத்திறன் என்பது அந்தந்தக் கிருமியின் வாரிசுகளோடு நின்றுவிடும் என்றுதான் அப்போது நம்பினார்கள். வான்கோழிக் குடலில் உள்ள கிருமி மாறினால் மனிதனுக்கு என்ன?

அந்த நம்பிக்கையை உடைத்தது ஜப்பான். 1959ல் அங்குள்ள ஆய்வாளர்கள், எதிர்ப்புத்திறன் ஒரு கிருமியிலிருந்து பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் தாவும் என்று காட்டினார்கள். பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் கைமாறுகின்றன. ஒரு வளையத்தில் மூன்று நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு மொத்தமாக இருக்கலாம். சுட்டோமு வதனாபே 1963ல் இதையெல்லாம் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் லண்டனில் குடல் கிருமிகளை வகைப்படுத்தும் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஈ. எஸ். ஆண்டர்சன். 1960களின் நடுவில் பிரிட்டிஷ் கன்றுக்குட்டிகளிடையே ஒரு வகை சால்மோனெல்லா பரவியது. பிறந்த சில நாட்களிலேயே கன்றுகளை வாங்கி, ஒன்றாக அடைத்து, ஊர் ஊராக விற்கும் வியாபாரம் அது. நோய் வராமலிருக்க மருந்து, வந்தால் இன்னொரு மருந்து. கிருமி ஒவ்வொரு மருந்துக்கும் பழகிக்கொண்டே போனதையும், மனிதர்களுக்கும் அது தொற்றியதையும் ஆண்டர்சன் வரிசையாகப் பதிவு செய்தார்.

அதன் பிறகு அமைந்ததுதான் ஸ்வான் குழு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த விலங்கியல் அறிஞர் மைக்கேல் ஸ்வான் தலைமையில் 1968ல் அமைந்த அந்தக் குழு, 1969 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. மனித வைத்தியத்துக்குத் தேவையான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்பது அதன் சாரம். பிரிட்டன் 1971ல் பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து நீக்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் அறிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. மனிதர்களுக்குப் பயன்படாத மருந்து என்றால் தாராளமாகக் கலக்கலாம்! இந்த ஓட்டையின் விலை இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்துவிடலாம். தீவன மருந்தால் மனிதனுக்கு ஆபத்தில்லை என்று காட்ட விரும்பிய கால்நடை மருந்து உற்பத்தியாளர் சங்கம், ஸ்டூவர்ட் லெவி என்ற ஆராய்ச்சியாளருக்குப் பணம் கொடுத்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. அவர் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் 300 கோழிக்குஞ்சுகளை வைத்து ஆரம்பித்தார். பாதிக்கு சாதாரணத் தீவனம், பாதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம். ஓரிரு நாளிலேயே மருந்து தின்ற குஞ்சுகளின் குடலில் அடங்காத ஈ.கோலை கிருமிகள் தோன்றின. மூன்று மாதத்தில் அந்தக் கிருமிகள், கோழிகள் தின்னவே தின்னாத வேறு மருந்துகளையும் எதிர்த்தன. ஐந்தாறு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தாரின் மலத்தை சோதித்தபோது, சுமார் 31 சதவீத மாதிரிகளில் பெரும்பான்மைக் கிருமிகள் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவை. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் இது சுமார் 7 சதவீதம்தான். இத்தனைக்கும் பண்ணை வீட்டார் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது இதுவல்ல. ஆனால் லெவி 1976ல் அப்படியே வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, 1977ல், எஃப்.டி.ஏ. தலைவர் டொனால்ட் கென்னடி பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து எடுக்க முன்மொழிந்தார். விவசாயத்துக்கும் எஃப்.டி.ஏ.வுக்கும் பணம் ஒதுக்கும் நாடாளுமன்றக் குழுவின் தலைவர் ஜேமி விட்டன் குறுக்கே நின்றார். மேலும் ஆராய்ச்சி தேவை, அது முடியும் வரை கை வைக்காதே என்று நிறுத்திவிட்டார். 1980ல் தேசிய அறிவியல் கழகம் கொடுத்த அறிக்கையோ, ஆபத்து நிரூபிக்கப்படவும் இல்லை, இல்லையென்று நிரூபிக்கப்படவும் இல்லை என்றது.

இந்த இழுபறி முழுவதற்கும் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கோழியிலிருந்து ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குக் கிருமி போய், அதனால்தான் மருந்து பலிக்கவில்லை என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காட்டு என்றார்கள் தொழில்துறையினர். கிருமி கைமாறும் விதமோ பண்ணை, சாக்கடை, சமையலறை, மருத்துவமனை என்று பல வழி. அப்படி ஒரு முழுச் சங்கிலி யாருக்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆபத்து உண்டு என்பவர் நிரூபிக்க வேண்டுமா, ஆபத்தில்லை என்று விற்பவர் நிரூபிக்க வேண்டுமா? 1951ல் அனுமதி கொடுத்தபோது விற்றவரிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. ஜூக்ஸும் கடைசிவரை தன் கண்டுபிடிப்பை விட்டுக்கொடுக்காமல், தடை கேட்டவர்களோடு எழுத்தில் சண்டை போட்டார். 1999ல் இறந்தார்.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். மனிதர்களுக்குப் பயன்படாத தீவன மருந்தாக ஐரோப்பாவில் பரவியது அவோபார்சின். இதுவும் ஜூக்ஸ் வேலை பார்த்த சயனமிட் நிறுவனத்தின் சரக்குதான். பிரச்சினை என்னவென்றால், வான்கோமைசின் என்ற மனித மருந்துக்கு அது அண்ணன் தம்பி மாதிரி. 1970களில் வான்கோமைசின் அவ்வளவாகப் புழங்கவில்லை. 1980களின் கடைசியிலோ, மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. அப்போதுதான் அதற்கும் அடங்காத என்டெரோகாக்கஸ் கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டின. 1990களில் அதே கிருமிகள் பண்ணை விலங்குகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டன.

டென்மார்க் கணக்கு ஒன்று உண்டு. 1994ல் அந்த நாட்டில் நோயாளிகளுக்குக் கொடுத்த வான்கோமைசின் 24 கிலோ. விலங்குத் தீவனத்தில் கலந்த அவோபார்சின் 24,000 கிலோ. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

டென்மார்க் முழுச் சங்கிலிக்காகக் காத்திருக்கவில்லை. 1995ல் அவோபார்சினைத் தடை செய்தது. இதற்கு முன்னரே, 1986ல், விவசாயிகள் சங்கமே கேட்டுக்கொண்டதால் சுவீடன் எல்லா வளர்ச்சி மருந்துகளையும் நிறுத்தியிருந்தது. 1997ல் ஐரோப்பிய யூனியன் முழுவதும் அவோபார்சின் போனது. 1999ல் மேலும் நான்கு மருந்துகள் போயின. 2006 ஜனவரி 1 முதல் மிச்சமிருந்ததும் போயிற்று.

தடையால் பலன் இருந்ததா? டென்மார்க்கின் இறைச்சிக் கோழிகளில் இந்த வகை எதிர்ப்புள்ள என்டெரோகாக்கஸ் 1995ல் சுமார் 73 சதவீதம், 2000ல் சுமார் 6 சதவீதம். பன்றிகளில் மட்டும் சில வருடம் குறையவே இல்லை. ஆராய்ந்தபோது சுவாரசியமான காரணம் கிடைத்தது. பன்றிகளுக்குக் கொடுத்துவந்த டைலோசின் என்ற வேறொரு மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவும், வான்கோமைசின் எதிர்ப்பு மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்திருந்தன. டைலோசின் இருக்கும்வரை அது மற்றதையும் தோளில் சுமந்துகொண்டு வாழ்ந்தது. 1998ல் டைலோசினை நிறுத்திய பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்கின. எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகமாகி, சிகிச்சைக்கான மருந்துச் செலவு கூடியது. ஆனாலும் டென்மார்க்கின் பன்றி ஏற்றுமதி படுத்துவிடவில்லை.

அமெரிக்கா 1977ல் தொடங்கியதை 2017ல்தான் முடித்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல், மனிதர்களுக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டுவதற்காகக் கொடுப்பது நின்றது. அந்த ஒரே ஆண்டில் பண்ணை விலங்குகளுக்கான அத்தகைய மருந்து விற்பனை 33 சதவீதம் விழுந்தது. நாற்பது வருடம் முன்பே விழுந்திருக்க வேண்டியது.

ஸ்வான் அறிக்கையின் ஓட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. கோலிஸ்டின் என்ற பழைய மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் 1970களில் மருத்துவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். மனிதனுக்கு வேண்டாததுதானே என்று பண்ணைகள் எடுத்துக்கொண்டன. பிறகு வேறு எதுவும் வேலை செய்யாத நோயாளிகளுக்காக மருத்துவர்கள் அதையே தேடி வந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆராய்ச்சியாளர்கள், கோலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பதையும், அது பிளாஸ்மிட்டில் ஏறித் தாவக்கூடியது என்பதையும் வெளியிட்டார்கள். சீனா 2017ல் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. இந்த முறை செய்திக்கும் தடைக்கும் நடுவே இரண்டு வருடம் கூட ஆகவில்லை.

இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 2014ல் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளை சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருப்பதாக அறிவித்தது. 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்கான விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. மனிதர்களுக்கான கோலிஸ்டின் பெட்டிகளின் மேலும் இவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடிக்க வேண்டும் என்பது அந்த ஆணையிலேயே உள்ள நிபந்தனை.