ஆசிரியரைப் பணியில் நிலைக்கச் செய்தல்: தலைமையாசிரியரின் பொறுப்புகள்

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்திற்குக் கோழிப் பண்ணைகளோடு உண்டு உறைவிடத் தனியார் பள்ளிகளும் அடையாளமாயின. ‘பிராய்லர் பள்ளி’ என்னும் ஏளனப் பெயரும் அவ்வாறே பிறந்தது. பொதுத்தேர்வுத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. ஆனால் மதிப்பெண் அழுத்தம் மாணவரை வாட்டுவது பேசப்படும் அளவிற்கு, அது ஆசிரியரைப் பணியைவிட்டே விரட்டுவது பேசப்படுவதில்லை.

இது சமூகநீதிச் சிக்கலும் ஆகும். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளியின் ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக அங்கு நுழைபவருக்குச் சட்டமும், அதைச் செயற்படுத்தும் பள்ளி முதல்வருமே காப்பு.

தனியார் பள்ளியில்

முதல்வரும் நிர்வாகத்தின் ஊழியரே என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நியமன ஆணையை எழுத்தில் வழங்குவதற்கும், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தருவதற்கும் அவர் வற்புறுத்தலாம். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று. இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் பள்ளியில் வருங்கால வைப்புநிதி கட்டாயம். ஐந்தாண்டுத் தொடர்பணி முடித்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்றது. பத்துப் பேர் பணியாற்றும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

அரசுப் பள்ளியில்

கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, காலிப்பணியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்துவதை 27ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் 2022இல் இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500 தொகுப்பூதியத்தில் தற்காலிக நியமனம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஊதியத்தில் எவரும் நெடுநாள் தங்கார். ஆகவே தலைமையாசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் பதிந்து மேலே அனுப்ப வேண்டும்.

ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித்தேர்வில் தேற வேண்டுமென 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு கூறியது. பாடவேளைகளைச் சீராகப் பங்கிட்டு, படிப்பதற்கு நேரம் தருவது தலைமையாசிரியரால் இயலும்.

சாதி இழிவு நேரும்போது

ஆசிரியர் அறையில் தனித் தம்ளர், சாதியை வினவும் பேச்சு, கடினமான வேலை மட்டும் ஒருவருக்கே விழுதல் ஆகியவை சிலரை அமைதியாக வெளியேற்றுகின்றன. ‘சமாதானம்’ என்ற பெயரில் புகார் கொடுத்தவரையே இடம் மாற்றுவது தண்டனையை இடம் மாற்றுவதாகும். புகாரை எழுத்தில் பெற்று, தேதியிட்டு, ஒப்புகை தர வேண்டும். பொதுப்பார்வையில் சாதியைச் சுட்டி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு பொருந்தும்.

பி.எட். முடித்துப் பணிக்குச் செல்லும் மாணவர்கள் நியமன ஆணை, வைப்புநிதி எண், சான்றிதழ் ஒப்புகை ஆகிய மூன்றையும் முதல் மாதமே கேட்டுப் பெற வேண்டும். கேட்பவருக்குத் துணைநிற்பது ஆசிரியர் சங்கங்களோடு நம் இயக்கங்களின் கடமையும் ஆகும்.