போட்டிக்கு முந்தைய நாள் ராத்திரி செய்யாதீங்க! ஃபோம் க்ளே கிரீடம் செய்வது எப்படி?

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம், ராஜேந்திர சோழனின் தலைநகர். மாறுவேடப் போட்டியில் அந்த மன்னராக நிற்கும் குழந்தைக்குக் கிரீடம்தான் தொல்லை. வெறும் அட்டை நசுங்கிடும், களிமண் கனக்கும். இதற்கு வழி, ஃபோம் க்ளே.

ஃபோம் க்ளே என்றால் என்ன?

தண்ணீர், பசைத்தன்மையுள்ள பாலிமர், உள்ளே காற்றுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் கலந்த மாவு. அதனால்தான் எடை குறைவு. சூளையில் சுட வேண்டாம். ஈரம் போனதும் தானாக இறுகிவிடும்.

செய்வது எப்படி?

* தலை அளவுக்கு அட்டையில் கிரீடம் வெட்டிக்கொள்ளவும்.
* மாவைச் சப்பாத்தி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, பசை தடவி ஒட்டவும்.
* விரலில் லேசாகத் தண்ணீர் தொட்டு வெடிப்புகளை மெழுகவும்.
* நிழலில் சுமார் 24 மணி நேரம் காயவிடவும். தடிமனான இடங்களுக்கு 2, 3 நாள் ஆகலாம்.
* நன்றாகக் காய்ந்த பிறகே அக்ரிலிக் பெயிண்ட், வார்னிஷ்.

மரச்சிற்பத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மரத்தைச் செதுக்கி எடுப்பார்கள். அதிகமாகச் செதுக்கினால் திரும்ப ஒட்ட முடியாது. ஃபோம் க்ளேயில் மாவைச் சேர்த்துக்கொண்டே போகலாம். காயும்வரை தவறைத் திருத்தலாம் என்பதால், புதிதாகப் பழகுபவர்களுக்கு இது சுலபம்.

கவனிக்க வேண்டியவை

மாவை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. மீதி மாவைக் காற்று புகாத டப்பாவில் மூடி வைக்கவும். கிரீடம் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். ஈரம் பட்டால் இளகும்.