குமரப்பா எழுதிய வாழ்க்கைக் கணக்கு

பொருளீட்டும் நோக்குடன் தாயகம் விட்டுப் பம்பாய் சேர்ந்த தமிழர் பலர். ஈட்டத் தொடங்கிய பின் அதனைத் தாமே உதறியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜே.சி. குமரப்பா. துறவியரின் எளிமையைப் போற்றப் பழகிய நாம், கணக்காயர் ஒருவரின் எளிமையை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1892-இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்த இவர், இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். அந்நாளில் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது இவர் பெயர். உடையும் பழக்கமும் மேலைநாட்டினவே. பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதியியலை ஆராய்ந்தபோது, ஆங்கில ஆட்சியின் வரவு செலவு ஏடுகளிலேயே நம் நாட்டு வறுமையின் வேரைக் கண்டார்.

அவ்வாய்வேட்டுடன் 1929-இல் சபர்மதி சென்றார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில் ஒரு முதியவர் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என உணர்ந்ததும், மடிப்புக் குலையாத பட்டுக் காற்சட்டையுடன் குமரப்பாவும் தரையில் அமர்ந்தார். வாழ்வு அந்நொடியிலேயே மாறியது என்பது கதைக்கு அழகு. அதன்பின் குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராக மக்களின் வருவாயைக் கணக்கெடுத்த உழைப்பே அவரை மாற்றியது என்பது நம் துணிபு.

1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கு இவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என அளவு வகுத்தார். காந்தியடிகள் குழுவினருடன் வந்தபோது, அவர்களுடைய செலவை அந்நிதியிலிருந்து தர இயலாது என மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். அடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார்!

அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். ஒரு பொருளை வாங்குபவர் அது உருவான முறைக்கும் பொறுப்பாளி என்பது அவர் கோட்பாடு. ஒரு கிண்ணம் கோகோவை அவர் சான்று காட்டுவார். கடல் கடந்த தோட்டத்தில் கட்டாய உழைப்பால் அது விளைந்திருப்பின், பருகுபவருக்கும் அதில் பங்குண்டு. அருகில் செய்த பொருளாயின் செய்தவர் நிலையை நாமே காணலாம்; தொலைவிலிருந்து வருவதை எவ்வாறு காண்பது? ஆகவே தேவையைக் குறுக்குதல் அவருக்கு நோன்பாக இல்லை. சரிபார்க்கவியலாத கணக்கில் கையொப்பமிட மறுக்கும் தணிக்கையாளரின் நேர்மையாகவே இருந்தது.

பண்டிகைத் தள்ளுபடியும் மாதத் தவணையும் நம் இல்லங்களை நிறைக்கின்றன. கைப்பேசியைத் தொட்டதும் பொருள் வாயிலுக்கு வருகிறது. குறைந்த விலை கண்டு மகிழ்கிறோம். எஞ்சிய விலையை யார் செலுத்தினார் என வினவுகிறோமா? குமரப்பா மணம் புரியாதவர், சினமும் மிக்கவர். பிள்ளைகளின் படிப்பும் ஊரிலுள்ள பெற்றோரின் மருந்துச் செலவும் சுமக்கும் நமக்கு அவர் வழி முழுவதும் இயலாதுதான். எனினும் அவ்வினா நம் இல்லத்துக்கும் பொருந்தும்.

அவ்வினாவை விரித்தே, ஜபல்பூர்ச் சிறையில் நிலைபேறுடைய பொருளாதாரம் குறித்த நூலை எழுதினார். விடுதலைக்குப்பின் அரசு பெருந்தொழில்களை நாடியபோதும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960-ஆம் ஆண்டு, அடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில் மறைந்தார்.